பாதியில் நின்ற க்யூபேசிக் ஆர்பிஜியை முடித்த விதம்

பழைய டாஸ் காலத்து பேசிக் மொழியில் எழுதி, பாதியில் நின்ற ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம்) இது. முதலில் சோர்ஸ், அதாவது புரோகிராம் வரிகள். க்யூபேசிக்கின் முழு வடிவமான குயிக்பேசிக் 4.5இன் குயிக்லோட் என்ற பைனரி வடிவில் இருந்ததால் நோட்பேடில் குப்பையாகத்தான் தெரிந்தது. பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் 4.5ஐயே ஓட்டித் திறந்து, டெக்ஸ்டாகச் சேமித்து, இன்றைய கணினிகளில் ஓடும் பேசிக்கான க்யூபி64க்கு மாற்றினேன். ஓடவிட்டால் ஹீரோ ஒரே பாய்ச்சலில் மேப்பின் மறுகோடியில்! வேகத்தைப் பிடித்து வைத்திருந்தது சும்மா எண்ணி நேரம் கடத்தும் வெறும் ஃபார் லூப்; இன்றைய கணினியில் அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, மெயின் லூப்பில் _லிமிட் 30 (நொடிக்கு 30 சுற்றுக்கு மேல் ஓடாது) போட்டதும் சரியானது.

பெரிய தலைவலி ஹீரோவின் தங்கக் கணக்கு. அதை வைத்திருந்த இன்டிஜர் என்ற எண் வகை 32,767 வரைதான் தாங்கும். தாண்டினால் க்யூபி64 எர்ரர் காட்டாமல் மைனஸுக்குப் போய்விடும், கடையில் எதுவும் வாங்க முடியாது. இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் வகை ஆக்கினால் 2 பைட் 4 ஆகும். சேவ் ஃபைலில் அதற்கடுத்த வாள், கேடயம், மேப் எண் எல்லாம் 2 பைட் தள்ளிப்போகும். சேவ் ஃபைலைப் பழைய டைப்பில் (தகவல்களின் வரிசை அமைப்பு) படித்து, புதியதில் எழுதும் சின்ன புரோகிராம் போதும்.

பாக்கியிருந்த நிலவறைகளில் பாதியை வெட்டிவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி குகை, யார் நடப்பது?