பழைய கேம்பர் வேனுக்கு பிரேக் பிடிக்கவில்லையா? சர்வோ வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

போன கோடையில் சாமர்செட்டில் பார்லாக் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நான்கடிக்கு ஓரடி இறங்கும் சாலை. பாதியில் எங்கள் 1972 வோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடித்து ஒருவழியாக நிறுத்தினேன். வீடு வந்ததும் சர்வோ ஒன்று, அதாவது இன்ஜினின் வெற்றிடத்தால் பெடலை மிதிக்க உதவும் கருவி, வாங்கி மாட்டத்தான் நினைத்தேன். நல்லவேளை, வாங்கவில்லை. சர்வோ காலுக்குத்தான் உதவி. கொதிக்கிற பிரேக் ஆயிலையும், ட்ரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூ தளர்ந்திருப்பதையும் அது சரிசெய்யாது.

என் வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். வண்டியைத் தூக்குவது, ஸ்டாண்டில் நிறுத்துவது, சக்கரம் கழற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ட்ரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதவும் வேண்டாம். அந்தக் கால ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

1. ரப்பர் ஹோஸ்

சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் நான்கு ஹோஸையும் மாற்றிவிடுங்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஊதிப்போய் வழி அடைந்திருக்கலாம். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. என் வண்டி இடப்பக்கம் இழுத்ததற்கு இதுதான் காரணம். நானோ டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். குழாய் நட்டுக்கு அதைச் சுற்றிப் பிடிக்கும் 11 மி.மீ. ஃப்ளேர் ஸ்பேனர்தான் வேண்டும். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், அப்புறம் குழாயையே வெட்ட வேண்டியதுதான்.

2. பின் ஷூவை நெருக்குவது

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை மூன்று முறை வெளியேற்றியும் பெடல் பாதி தூரம் போய்த்தான் பிடித்தது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புதிதுக்கு ஆர்டர் போடவே போனேன். கடைசியில் பார்த்தால், தளர்ந்த ஷூ ட்ரம்மைத் தொடுவதற்கே பெடலின் பாதி ஓட்டம் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அதன் கேபிளையும் தளர்த்துங்கள். ட்ரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டைகள் இருக்கும். அதன் வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டால் பல் வைத்த சிறு சக்கரம் தட்டுப்படும். ஒவ்வொரு ட்ரம்மிலும் இரண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் திரும்ப வேண்டும்! இது தெரியாமல் ஒன்றை நெருக்கி, மற்றதைத் தளர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கினேன். எந்தப் பக்கம் திருப்பினால் ட்ரம் கனக்கிறது என்று கையால் சுழற்றிப் பார்த்து, சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரம் நகராத அளவுக்கு நெருக்கி, பெடலை ஒருமுறை நன்றாக மிதியுங்கள். ஷூ நடுவில் உட்காரும், பிடி கொஞ்சம் தளரும். மறுபடி நெருக்குங்கள். பிறகு இரண்டு மூன்று பல் பின்னால் விட்டால் லேசான உரசல் மட்டும் கேட்கும். அது போதும். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில் இறுக்குங்கள்.

3. ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். மலையில் ஆயில் கொதித்து என் பெடல் பஞ்சானது அதனால்தான். பழையதை முழுக்க வெளியேற்றுங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் ஒவ்வொரு சக்கரமாக. வெற்றிட பம்ப்பெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. பெடல் மிதிக்க ஒரு ஆள், ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு குழாய் இருந்தால் வேலை முடிந்தது. என் மனைவி மிதித்தார், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு திட்டோடு.

பின்சேர்க்கை: டாட் 5 ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது சிலிக்கான், டாட் 4 உடன் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அதை டாட் 4 உடன் கலக்கலாம்.

இன்னொன்று: சர்வோ ஏற்கெனவே இருந்தும் பெடல் கல்லாக இருக்கிறது என்று இன்னொருவர் எழுதினார். இந்த வண்டியில் இன்ஜின் பின்னால், சர்வோ முன்னால். நடுவில் நீளமான வெற்றிடக் குழாய். அதன் முனையிலுள்ள ரப்பர் வெடித்திருக்கலாம். இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்து, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. இறங்காவிட்டால் அந்த ரப்பரைப் பாருங்கள்.