வகுப்பறைத் தொழில்நுட்பம் குறித்து ஆசிரியர்களிடம் உரையாடிப் பதிவு செய்வது எப்படி?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம், "வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். திறன் வகுப்பறை இருக்கிறது, பாடநூலில் கியூஆர் கோடு இருக்கிறது, டேப் (கைக்கணினி) வந்திருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டு போவார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய விடை. அதைப் படிக்கும் வேறோர் ஆசிரியர் மறுநாள் தம் வகுப்பில் செய்து பார்ப்பதற்கு அதில் எதுவும் இருக்காது. ஆசிரியர்களின் அனுபவங்களைக் கேட்டு எழுதிப் பிற ஆசிரியர்களிடம் கொண்டுசேர்க்க விரும்புவோருக்காக, நான் பலமுறை தவறாகச் செய்து பின்னர் திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நாம் சந்திக்கப் போகும் ஆசிரியர் எந்தெந்த மாற்றங்களைக் கடந்து வந்தவர் என்பதை அறிந்துகொண்டு செல்ல வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர், ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலில், கற்றல் படிகளைக் காட்டும் ஏணியும் ஒவ்வொரு படிக்குமான செயல்பாட்டு அட்டையும் அவற்றை அடுக்கிய தட்டுமாகத் தரையில் குழந்தைகளோடு அமர்ந்து பாடம் நடத்தியவராக இருப்பார். 2018இல் புதிய பாடநூல்கள் கியூஆர் கோடுகளோடு வந்ததையும், 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியதையும், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதையும், தன்னார்வலர்கள் குழந்தைகளின் குடியிருப்புக்கு அருகிலேயே பாடம் நடத்த 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியையும், 2022இல் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிப்படுத்த வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் அவர் பார்த்திருக்கிறார். இவற்றில் ஒவ்வொன்றும் அவரிடம் புதுமை என்ற பெயரோடுதான் வந்து சேர்ந்தது. ஆகவே, நாம் அந்தச் சொல்லோடு உரையாடலைத் தொடங்கினால், பயிற்சி வகுப்பில் அமர்ந்திருப்பவரைப் போல அவர் இறுகிவிடுகிறார். "அட்டை வைத்து நடத்திய காலத்தில் செய்தவற்றில் எதை இன்றும் விடாமல் செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், முகமே மாறும்.

பேசுவதற்கு முன்பு அனுமதியைச் சரிசெய்துகொள்வது அவசியம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். வெளியே பேசுவதற்கும் எழுதுவதற்கும் அவர்களுக்கு வரம்புகள் உண்டு. உரையாடல் எங்கே, எந்த வடிவில் வெளிவரும் என்பதை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டால், பின்னாளில் அந்த ஆசிரியருக்குச் சங்கடம் வராது. குழந்தைகளின் பெயரையும் படத்தையும், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இயன்றால் ஒரு பாடவேளை முழுவதும் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். அப்போது கேமராவை வெளியே எடுக்காதீர்கள். எடுத்த நொடியில் ஆசிரியரும் குழந்தைகளும் ஆண்டு விழா மேடையில் நிற்பவர்களைப் போல ஆகிவிடுவார்கள். உரையாடலுக்கான நேரத்தை அவரே தெரிவு செய்யட்டும். காலை உணவு, வருகைப் பதிவு, எமிஸ் எனும் அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், மாலையில் பிடிக்க வேண்டிய பேருந்து என்று அவருடைய நாள் நமக்குத் தெரியாத முடிச்சுகளால் ஆனது.

இனி உரையாடலின் உயிரான பகுதிக்கு வருகிறேன். கருவியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பாடவேளையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே நான் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது. "சென்ற வாரம் நடத்திய ஒரு பாடத்தை, வகுப்புக்குள் நுழைந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். அவர் பின்னங்களைக் கற்பித்த வகுப்பைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஒரு காணொலியைக் காட்டினேன் என்று சொல்லிவிட்டு அவர் கடந்து போகும் இடத்தில் நாம் நிறுத்த வேண்டும். எத்தனை நிமிடம் காட்டினீர்கள்? முழுவதும் ஓடவிட்டீர்களா, நடுவில் நிறுத்தினீர்களா? எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? நிறுத்தியதும் முதலில் யார் பேசினார்? பேசாமல் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இந்தக் கேள்விகளை ஒரே மூச்சில் கேட்காமல், ஒவ்வொன்றாக, விடைக்காகக் காத்திருந்து கேட்டால் கற்பித்தலின் நுட்பங்கள் தாமாகவே வெளிவரும்.

கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், ஒரு விதை முளைக்கும் காணொலியைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைகளைச் சிலேட்டில் வரையச் சொல்லியிருந்தார். வேர் மேல்நோக்கி வளர்வதாக வரைந்தவர்களைத் தனியாக அழைத்து, அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்று கேட்ட பிறகே மீதியைக் காட்டியிருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லும்போது, "அது ஒன்றும் பெரிதில்லை சார், சிலேட்டு வேலைதானே" என்றார். அந்த வகுப்பில் தொழில்நுட்பத்துக்கு மதிப்பைத் தந்தது அந்தச் சிலேட்டு வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தம் திறமையைத் திறமை என்றே கருதாத இத்தகைய ஆசிரியர்களிடம், நாம் கேட்காவிட்டால் அது பதிவாகாமலேயே போய்விடும்.

எண்ணும் எழுத்தும் வகுப்பாக இருந்தால் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைக் குழந்தைகள் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரு குழுவுக்குக் காணொலியைக் காட்டும்போது மற்ற இரு குழுக்கள் என்ன செய்கின்றன என்று அங்கே கேட்டேயாக வேண்டும்; ஓராசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளில் இந்தக் கேள்வியே முழு உரையாடலாக விரியக்கூடும்.

கைவிட்டவற்றையும் கேளுங்கள். மின்சாரம் நின்றபோதும் இணையம் சுற்றிக்கொண்டே இருந்தபோதும் என்ன செய்தீர்கள், எந்த முறையை முயன்று பார்த்து விட்டுவிட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பவற்றுக்கு வரும் விடைகள் வெற்றிக் கதைகளைவிடப் பிற ஆசிரியர்களுக்கு அதிகம் உதவுகின்றன. செயலிகளில் விவரம் பதிவேற்றுவதைப் பற்றிய மனக்குறையோடு அவர் பேச்சைத் தொடங்கினால் இடைமறிக்க வேண்டாம். கற்பிக்கும் நேரத்தைத் தொழில்நுட்பம் எடுத்துக்கொள்வதும் நம் பொருளுக்குள் அடங்கியதே. அவர் வெளியிட வேண்டாம் என்று சொல்லும் பகுதியை அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டு, எழுதும்போது மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். அதை விமானப் பயன்முறையில் போட்டு ஆசிரியருக்கு அருகில், மின்விசிறிக்கு நேர்க்கீழே இல்லாத இடத்தில் வையுங்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்றைய பதிவு பயன்படாது. வேறொரு நாள் செல்வதே நல்லது. குழந்தைகளின் நோட்டுப் பக்கங்களையும் அவரே தயாரித்த பயிற்சித் தாள்களையும் காட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு பொருள் இருக்கும்போது பேச்சு துல்லியமாகிறது.

எழுதும்போது அவர் சொன்ன டேப், போர்டு, தட்டு, ஏணி ஆகிய சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றைச் சுற்றறிக்கை நடைக்கு மாற்றினால், படிக்கும் ஆசிரியருக்குத் தம்மைப் போன்ற ஒருவர் பேசுகிறார் என்ற உணர்வு போய்விடும். எழுதி முடித்ததும் வெளியிடுவதற்கு முன் அவரிடம் படிக்கக் கொடுங்கள். பெரும்பாலானோர் திருத்துவதோடு நிற்காமல், உரையாடலில் சொல்ல மறந்த ஒன்றைச் சேர்த்து அனுப்புவார்கள். சில வேளைகளில் அதுவே கட்டுரையின் சிறந்த பத்தியாக அமைந்திருக்கிறது. மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அழைத்து, அந்த முறையை இன்னும் செய்கிறீர்களா, எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்ட தேதியோடு பதிவின் கீழே சேர்த்துவிடுங்கள்.