கடல் மின்திட்ட அறிக்கை கைக்கு வந்தால் எங்கிருந்து படிப்பது?

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளுக்காகக் கடலில் அளவெடுப்பது என் வேலை. நீர் மாதிரி எடுப்போம், கடலுக்கடியில் பதிவான ஒலியைக் கேட்டுக் குறிப்பு எழுதுவோம். என் குடும்பம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில் கரைவலை இழுத்த குடும்பம். அதனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "கடலுக்குள்ள மின்சார மிஷின் வைக்கப் போறாங்களாமே, நாம என்னம்மா எழுதிக் கொடுக்கணும்?" என்று யாராவது கேட்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இத்திட்டங்களுக்கு எதிரி இல்லை. லோட் ஷெடிங் (மின்வெட்டு) அட்டவணையைப் பார்த்து உலை வைத்த ஆண்டுகள் எனக்கும் நினைவிருக்கின்றன. நம் கிழக்குக் கரையோரம் தெற்கே ஓடும் அகுலாஸ் நீரோட்டம் உலகின் வலுவான நீரோட்டங்களில் ஒன்று. நடுப்பகுதியில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தைக்கூடத் தொடும். அதில் மின்சாரம் எடுக்கச் சுழலி (டர்பைன்) வைக்கும் ஆசை வருவது இயல்பு. வைக்கும் முன் கடலை ஒழுங்காக அளந்தார்களா என்று பார்ப்பது நம் பங்கு. வைத்த பிறகு, 'முன்பு எப்படி இருந்தது' என்பதை யாராலும் அளக்க முடியாது.

அறிக்கையின் சுருக்கத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் எல்லாத் தாக்கமும் 'குறைவு' என்றுதான் இருக்கும். நேரே அளவெடுத்த முறை பற்றிய அத்தியாயத்துக்குப் போய்த் தேதிகளைத் தேடுங்கள். "எப்ப வந்து பாத்தாங்க?" என்பதுதான் என் பெரியப்பாவின் முதல் கேள்வி. நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் குளிர்ந்த நீரோடு மத்திக் கூட்டம் தெற்கிலிருந்து கரையோரமாக வரும். பின்னாலேயே ஓங்கில்களும் (டால்பின்) சுறாக்களும் வரும். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜூன் வாக்கில் வடக்கே போய், நவம்பர் வரை திரும்பிக்கொண்டிருக்கும். டர்பனுக்கு வடக்கே ஐசிமங்கலிசோ கரையில் பெருந்தலை ஆமையும் தோணி ஆமையும் கோடையில் முட்டையிடும். ஜனவரியிலிருந்து குஞ்சுகள் கடலில் இறங்கி, இதே அகுலாஸில் மிதந்து தெற்கே போகும். இப்போது அறிக்கையில் உள்ள ஆய்வுத் தேதிகளை அந்தத் தாளில் குறியுங்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மட்டும் படகில் போய்விட்டு, 'திமிங்கிலம் அரிது' என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை.

ஒரே ஒரு ஆண்டு அளந்திருந்தாலும் எனக்குத் திருப்தி வராது. மத்தி சில ஆண்டுகளில் நம் கரைக்கு வருவதே இல்லை. நீரோட்டமும் அப்படித்தான். நட்டால் பல்ஸ் என்ற பெரிய வளைவு டர்பனுக்கு அருகே உருவாகி, ஏறத்தாழ நாளுக்கு 20 கிலோமீட்டர் வீதம் தெற்கே நகரும். அது கடக்கும்போது நீரோட்டத்தின் நடுப்பகுதி கரையைவிட்டு வெகுதூரம் விலகிவிடும். கரைப்பக்கம் நீர் எதிர்த்திசையில்கூட ஓடும். வளைவு ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. அளந்த காலத்தில் அது வந்ததா, வந்தபோது மீனும் திமிங்கிலமும் எங்கே இருந்தன என்று கேளுங்கள். கிடைக்கும் மின்சாரத்தின் கணக்கும் இதைப் பொறுத்ததுதான் என்பதால், திட்டக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி உதவும்.

அடுத்தது ஒப்பீட்டு இடம். சுழலி வைக்கும் இடத்தில் மட்டும் மீனை எண்ணினால் போதாது. அதே ஆழமும் அதே தரையும் உள்ள, சுழலி வராத இன்னொரு இடத்திலும் எண்ணியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு மீன் குறையும்போது காரணம் சுழலியா, சூடேறிய கடலா, மிகையான மீன்பிடிப்பா என்று சொல்ல வழி இருக்காது. பழி மீனவர்மேல் விழும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!

கடலடிக் கேபிளைப் பற்றி ஊரில் பயம் அதிகம். சுறாவும் திருக்கையும் மூக்குப்பக்கத் துளைகளால் மிக நுண்ணிய மின்புலத்தையும் உணரும் என்பது உண்மை. ஆனால் கேபிளின் மின்காந்தப்புலம் சில மீட்டர் தூரத்திலேயே பெரிதும் தேய்ந்துவிடும். ஆகவே கேபிள் எவ்வளவு ஆழத்தில் புதைக்கப்படும், பாறைத் தரையில் என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டால் போதும். சுழலியின் இரைச்சலைப் பொறுத்தவரை, டர்பன் துறைமுகக் கப்பல்களின் சத்தத்தையும் சேர்த்து முன்கூட்டியே பதிவு செய்தார்களா என்று பாருங்கள்.

இறக்கையில் விலங்கு அடிபடுமா என்பது கடினமான கேள்வி. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு லாக் என்ற கடற்கழியில் 2008இல் சீஜென் என்ற 1.2 மெகாவாட் சுழலியை வைத்தார்கள். கடல்நாய் நெருங்கினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய கேடு எதுவும் தெரியவில்லை. ஆனால் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதால், ஓடும் இறக்கையருகே கடல்நாய் என்ன செய்யும் என்பது தெரியாமலே போயிற்று. நான் அந்த நிபந்தனையின் பக்கம்தான். கூடவே கேமராவும், ஒலியால் தேடும் சோனாரும் கேட்பேன். அடிபடும் விலங்குகள் எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் இயந்திரம் நிற்கும், யார் நிறுத்துவார் என்பது அறிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி பதில் எழுதுவது. தென்னாப்பிரிக்காவின் 2014 சூழல் தாக்க விதிகளின்படி, கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். முதலில் ஆர்வமும் பாதிப்பும் உள்ள தரப்பாக உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்தடுத்த அறிவிப்புகள் உங்களுக்கு வரும். 'எங்கள் கடலைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பக்க எண்ணோடு எழுதுங்கள்: "இந்தப் பக்க அட்டவணையில் ஜூன், ஜூலை அளவீடு இல்லை. மத்தி வரும் பருவத்தில் அளக்காமல் தாக்கம் குறைவு என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" கேள்விக்குப் பதில் தந்தாக வேண்டும்.

வலை இழுக்கும் பெரியவர்கள் சொல்வதையும் தேதி, இடம், மீன் பெயரோடு இணையுங்கள். டர்பனுக்குத் தெற்கே வைல்ட் கோஸ்ட் கடலில் எண்ணெய், எரிவாயு தேட ஒலி அதிர்வு அனுப்பும் ஆய்வு பற்றிய வழக்கில், பாரம்பரியத் தலைவர்களிடம் மட்டும் பேசியது கலந்தாலோசனை ஆகாது என்று மக்காண்டா உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அது எண்ணெய், எரிவாயு பற்றிய வழக்கு என்றாலும், மீனவரிடம் நேரில் கேட்டீர்களா என்ற கேள்வி இங்கேயும் செல்லும்.

அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். இறுதி அறிக்கை வந்ததும், கருத்துகளும் பதில்களும் உள்ள பின்னிணைப்பில் உங்கள் பெயரைத் தேடுங்கள். கேள்வி விடுபட்டிருந்தாலோ சுருக்கி மாற்றப்பட்டிருந்தாலோ, முதல் கடிதத்தின் நகலுடன் அனுமதி வழங்கும் துறைக்கே எழுதுங்கள்.