பம்பருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: உரிந்து வந்த பிறகு புரிந்த தவறுகள்

விரிசலை ஒட்டி நான் முதன்முதலாகப் பெயிண்ட் அடித்த பம்பர் இரண்டு வாரம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது ஓரத்தில் சிறு செதில் கிளம்பியது. நகத்தால் நெருடினேன். பாம்பு சட்டை உரித்ததுபோல உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது. அடியில் கறுப்பு பிளாஸ்டிக், துடைத்து வைத்த மாதிரி. பெயிண்டைக் குறை சொல்ல வழியே இல்லை.

கழுவாமல் உப்புத்தாளைக் கையில் எடுத்ததுதான் நான் செய்த முதல் தவறு. பம்பர் மேல் மெழுகும் பாலிஷும் சாலை எண்ணெயும் படிந்திருக்கும். அப்படியே தேய்த்தால் அவை கீறல்களுக்குள் இறங்கிவிடும்; பிறகு பெயிண்ட் அடிக்கும்போது மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகே உப்புத்தாள். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு பெயிண்டுக்கு அடியில் வேலையைக் காட்டும்.

இரண்டாவது தவறுதான் என் பம்பரை உரித்தது. பம்பரின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் பிபி, ஈபிடிஎம் என்று அச்சு இருக்கும். பாலிப்ரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக் அது. அதன் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. வெறும் பிளாஸ்டிக் தெரிகிற இடத்தில், பெயிண்டுக்கு அடியில் போகும் பிரைமருக்கு முன்னால் அட்ஹீஷன் ப்ரமோட்டர் என்ற ஒட்டுப்பூச்சு மெல்லிசாக ஒரு கோட்டிங் போயே ஆக வேண்டும். அதைத் தேய்க்கக் கூடாது; கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பிரைமரும் ஏற வேண்டும். பழைய பெயிண்ட் கெட்டியாக இருக்கும் இடங்களுக்கு இது தேவையில்லை. 'பிளாஸ்டிக் பிரைமர்' என்று எழுதியிருந்தால் போதுமா? சிலவற்றில் இது சேர்ந்தே வரும், சிலவற்றில் வராது. படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பட்டி விஷயத்தில் தகரத்துக்கான பட்டியைப் பூசுகிறவர்கள் அதிகம். பம்பர் வளையும், அந்தப் பட்டி வளையாது; லேசான இடிக்கே மறுபடி விரிசல் விடும். பிளாஸ்டிக்குக்கென்றே வளையும் பட்டி இருக்கிறது. அதை 180 எண் உப்புத்தாளில் வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதைவிட நைஸான 320-இல் கீறலை ஆற்றுங்கள். பழைய பெயிண்டின் ஓரத்தையும் படிப்படியாகச் சரிவாக்குங்கள். கண்ணை நம்ப வேண்டாம். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுங்கள்; விரல் எங்கே தடுக்குகிறதோ அங்கே பெயிண்டுக்கு அப்புறம் கோடு தெரியும். பிளாஸ்டிக்கில் மயிர் மயிராகச் சிலிர்த்து நின்றால் அழுத்தித் தேய்க்காமல் நைஸ் தாளுக்கு மாறுங்கள். மிச்சத்தைப் பிரைமர் மூடிவிடும். பிரைமர் காய்ந்ததும் 600 அல்லது 800 தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம்.

ஸ்ப்ரே கேனை இரண்டு நிமிடமாவது குலுக்காமல் அடிப்பதும், ஒரே கோட்டிங்கில் மூடிவிடப் பார்ப்பதும் எல்லோரும் செய்வதுதான். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து, பம்பருக்கு வெளியிலேயே பட்டனை அழுத்தி, வெளியில் போய்த்தான் விட வேண்டும். முதல் கோட்டிங்கில் அடி தெரிந்தால் தெரியட்டும். மெட்டாலிக் நிறமென்றால் தூரம் மாறினாலே சாயல் மாறும். ஒரு அட்டையில் அடித்துக் கார் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை நாளில் அடித்தால், நிறத்துக்கு மேல் கடைசியாகப் போகும் நிறமற்ற கிளியர் கோட் பால்போல வெளுக்கும்.

கிளியரைப் பழுது பார்த்த இடத்தோடு நிறுத்தினால் அந்த ஓரம் பிறகு உரியும். பம்பர் முழுவதும் அடியுங்கள். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்த 2கே (இரண்டு பாகக்) கிளியர் நன்றாக உழைக்கும்தான், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் இப்போது பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் கார் என்றால் அந்தப் பகுதியில் பட்டியே வைக்காதீர்கள். பட்டியும் தடித்த பெயிண்டும் அலைகளை மறிக்கும். பக்கத்தில் வரும் வண்டி அதற்குத் தெரியாமல் போகலாம்.