பழைய எம்ஆர்2-இல் கூலன்ற் கசிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன்னுடைய 1987ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2-ஐ உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு கிளிநொச்சியிலுள்ள என் கராஜுக்கு வந்தார். வவுனியாவிலிருந்து வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்க நிறுத்தியபோது, காரின் பின்பக்கத்தால் ஆவி கிளம்பியிருக்கிறது. எஞ்சினை ஆற்றும் தண்ணீர், அதாவது கூலன்ற், ஒழுகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் கேட்கக் கேட்க, தொழில் பழகிய காலத்து என்னையே பார்ப்பது போலிருந்தது. சூட்டோடு கூலன்ற் மூடியைத் திறக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மஞ்சள் தூள்

“அண்ணை, மஞ்சள் போட்டவுடனை ஒழுக்கு நிண்டிட்டுது” என்றார். நின்றது உண்மைதான். ஒரு பக்கெற் மஞ்சள் தூளைக் கூலன்றுக்குள் முழுதாகக் கொட்டியிருந்தார். இரணைமடுச் சந்தி வரும்போது காரும் நின்றுவிட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வராத காலம். மண்ணெண்ணெயில் கார் ஓடியது. எண்ணெய்த் தாங்கி ஒழுகினால் சவர்க்காரம், ரேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு வழி இருக்கவில்லை. அதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களின் சிலிண்டர் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்பகுதி, வார்ப்பிரும்பு. கொஞ்சம் சூடேறினாலும் தாங்கும். எம்ஆர்2-இன் 4ஏ-ஜிஈ எஞ்சினில் கீழேயுள்ள புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளையும்.

மஞ்சள் தூளில் கிழங்கு மா நிறைய இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் ஒடியற் கூழ் தடிப்பது போல அதுவும் தடிக்கும். ஓட்டையை அடைத்த கையோடு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

2004இல், போர்நிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்திருந்த நாட்களில், ஒருவருடைய கொரொல்லா லெவின் காருக்கு நான் இதையே செய்தேன். அதுவும் 4ஏ-ஜிஈதான். மாங்குளத்தில் மஞ்சள் போட்டேன். கனகராயன்குளம் தாண்டியதும் எஞ்சின் இறுகி நின்றது. ஹெட்டைக் கழற்றி நேர்மட்டக் கோலை வைத்துப் பார்த்தால், நடுவில் இடைவெளி அளக்கும் 0.15 மில்லிமீற்றர் தகடு தடையில்லாமல் நுழைகிறது. 0.05 நுழைந்தாலே அது சரியில்லை. இவ்வளவுக்கும் கசிந்தது, ரப்பர் குழாயை இறுக்கும், தளர்ந்துபோன ஒரு ஹோஸ் கிளிப். திருப்புளியால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் முடிந்திருக்கும். ஹெட் வேலைக் காசை நான்தான் கட்டினேன். நாலு மாத உழைப்பு.

தம்பியின் காருக்கு ஹெட் தப்பியது, ரேடியேற்றர் தப்பவில்லை. குழாய் வாய்களில் இருந்த களியை விரலால் வழித்தேன். நகத்திடுக்கில் அந்த நிறம் இரண்டு நாள் போகவில்லை. போத்தலில் விற்கும், கசிவை அடைக்கும் லீக் ஸ்ரொப்பையும் நான் இதோடுதான் சேர்ப்பேன். இன்று கொழும்பில் இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் காலையில் ஹோஸ் கிளிநொச்சிக்கு வந்துவிடும். பிறகும் ஏன் மஞ்சள்? வழியில் ஒழுகினால் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். பிடிபடாவிட்டால் இழுத்து வாருங்கள்.

சொட்டும் இடத்தைக் கசியும் இடம் என்று நினைப்பது

இந்தக் காரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேற்றர் முன்னால். இரண்டையும் இணைக்கும் நீளக் குழாய்கள் அடிப்பக்கத்தால் போகின்றன. ஓடும்போது கசிவது பின்னுக்கு இழுபட்டு வேறு எங்கோ சொட்டும். ஒரு மாதமாகவே தண்ணீர் குறைகிறது என்று தம்பி பின் ஹோஸ்கள் இரண்டை மாற்றியிருந்தார். உண்மையில் ஒழுகியது வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையால். உள்ளே சீல் தேய்ந்தால் காட்டிக்கொடுப்பதற்காகவே வைத்த துளை அது. அதன் கீழே காய்ந்த கறை ஓடியிருந்தால் பம்பை மாற்றுங்கள், துளையை அடைக்காதீர்கள்.

பிரஷர் ரெஸ்ரரை, அதாவது அழுத்தம் காட்டும் முள்ளுள்ள கைப்பம்பை, ஆறிய எஞ்சினில் பூட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் காற்றடியுங்கள். இதற்கு 0.9 பார் அளவில் வரும். கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். சில இணைப்புகள் குளிரில் மட்டும் கசிந்து, சூட்டில் விரிந்து தாமே மூடிக்கொள்ளும். அதனால் எஞ்சினைத் தொடக்குவதற்கு முன், விடியக்காலையில் இதைச் செய்வது நல்லது. முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை என்றால் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், ஹீற்றர் ஒழுகும். அங்கும் காய்ந்திருந்தால் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகிக்கலாம்.

சூடு காட்டும் முள்ளை நம்புவது

தண்ணீர் வற்றிவிட்டால் சென்சரைச் சுற்றி வெறும் காற்றுத்தான். எஞ்சின் எரிந்தாலும் முள் கீழேயே கிடக்கும்.

கிணற்றுத் தண்ணீர்

வேண்டாம். வீட்டுக் கேத்தலின் அடியில் படிந்திருக்கும் சுண்ணாம்பைப் பாருங்கள்.

காற்றை வெளியேற்றாமல் மூடுவது

பம்பை மாற்றியதும் பலர் ஊற்றுகிறார்கள், நிரம்புகிறது, மூடிவிடுகிறார்கள். எம்ஆர்2 பத்து லீற்றருக்கு மேல் குடிக்கும். ஆறு லீற்றரில் நிரம்பியது போல் தெரிந்தால் மிச்ச இடத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. முன் ரேடியேற்றரிலும் ஹீற்றரிலும் உள்ள காற்று வால்வுகளில் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாய்களை மாட்டி, நிரப்பும் வாய்க்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். வால்வுகளைத் திறந்துவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். குமிழி வருவது நின்று, குழாய்களில் தண்ணீர் வாயின் மட்டத்துக்கு வந்ததும் வால்வுகளை மூடலாம். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, முன் ரேடியேற்றரின் இரண்டு ஹோஸ்களும் சுடுகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். ஒன்று குளிர்ந்து கிடந்தால் காற்று இன்னும் போகவில்லை. மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் முதலிலிருந்து. தம்பியின் காருக்கு மூன்று காலைகள் தேவைப்பட்டன.