தென்கிழக்காசியவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ளதுபோன்ற தென்கிழக்காசியவியல் படிப்பில் சேருவோர், வரலாறு, மானிடவியல், அரசியல் என்று பல பாடங்களைத் தொடர்பின்றி எடுத்துச் சிதறாமலிருக்க, எல்லைகளைக் கடக்கும் ஒரே பொருளை முதல் பருவத்திலேயே பற்றிக்கொள்வது நல்லது. நான் மீகாங் ஆற்றையே சொல்வேன். ஆறு நாடுகளில் ஓடும் அந்த ஆற்றுக்காக 1995இல் அமைந்த ஆணையத்தில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு மட்டுமே உறுப்பு நாடுகள். மேல்பகுதியிலுள்ள சீனாவும் மியான்மரும் உறுப்பினர்கள் அல்ல என்பதிலேயே அரசியல் பாடம் தொடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது, கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு திசைமாறி, அதே பெயருள்ள ஏரிக்குள் பாய்கிறது. அங்குள்ள மீனை நம்பி மிதக்கும் வீடுகளில் வாழ்வோரைப் புரிந்துகொள்ள நீரியலும் மானிடவியலும் சேர்ந்தே வேண்டும். மொழிப் பாடத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கம்போடிய மொழியான கெமரின் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது என்பதால், அதன் உயிர்மெய் அமைப்பு தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது.