கத்தரி வெயிலில் குருவிக்குத் தீனியும் தண்ணீரும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லை பத்தடிக்குப் பத்தடிதான். ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, துவைக்கிற கல். குருவி வர அது போதும்.

சித்திரை பிறந்ததும் தீனிக்கு முன்னால் தண்ணீர் வையுங்கள். அகலமான மண் சட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர், நடுவில் நின்று குடிக்க ஓர் ஓட்டுத் துண்டு. பிளாஸ்டிக் டப்பா வெயிலில் சுட்டுவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு குருவிக்கென்றே எடுத்து வைப்பேன். தினமும் காலையில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். விட்டால் கொசுப்புழு வந்துவிடும்.

சிட்டுக்குருவிக்குக் கம்பு, தினை, நொய்யரிசி. ஒரு கைப்பிடிதான், மீந்தால் எலி வரும். மிக்சர், உப்புப் போட்ட சோறு, பிஸ்கட் வேண்டவே வேண்டாம்.

கொண்டைக்குருவிக்குப் பழம். போன மே மாதம் அணில் கடித்த பப்பாளியைப் பறிக்காமல் விட்டேன். ஒன்று வந்து தலைகீழாகத் தொங்கியது. அலகெல்லாம் ஆரஞ்சுச் சாறு, வாலடியில் அந்தச் சிவப்பு, கொத்துக்கு ஒருமுறை கொண்டை சிலிர்க்கிறது. குழம்பு அடிபிடிப்பதுகூடத் தெரியாமல் நின்றேன்.

விடியலில் அத்தனை அழகாகப் பாடுகிற குண்டுக்கரிச்சான் தானியத்தைத் தொடாது. அதற்குப் புழு பூச்சிதான். சிட்டுக்குருவியும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். செடிக்கு மருந்தடிக்காதீர்கள், சருகை ஒரு மூலையில் குவித்து விடுங்கள்.

முதல் வருஷம் சட்டியைத் தரையில் வைத்தேன். ஒரு மத்தியானம் பூனை பிடித்துவிட்டது, இறகுகள்தான் கிடந்தன. இப்போது உறி கட்டி ஆளுயரத்தில் தொங்கவிடுகிறேன், பூனை தாவ முடியாதபடி சுவரிலிருந்து தள்ளி.